சிறைக்குள் நுழைந்த சீமாட்டி

மண்ணின் அருமை விருத்தாசலத்துக்காரர்களுக்குத் தெரியும்.

ஊறுகாய் ஜாடியும், அகல் விளக்கும், மின்கம்பத்தில் கம்பியைத் தாங்கும் பீங்கானும், கொலுப் பொம்மையும் அந்த ஊரில் மண்ணில் இருந்து பிறக்கின்றன. ஒரு மண் சூளையில் வெந்து வெள்ளை வெளேர் என்று வரும். இன்னொரு மண் விரிசல் விட்டுப் போகும். கண்ணால் பார்த்தால் இரண்டும் ஒன்று போலத்தான் இருக்கும். சூளையில் வைத்தால்தான் குணம் தெரியும்.

இத்தாலி நாட்டின் வடமேற்கு மூலையில் ஒரு சிற்றூர் இருக்கிறது. அதன் பெயர் பரோலோ. அங்கேயும் களிமண் பூமிதான். சாம்பல் நிறக் களிமண்ணும் சுண்ணாம்பும் கலந்த குன்றுகள். அந்த ஊர்க்காரர்கள் அந்த மண்ணில் திராட்சைக் கொடி நட்டார்கள். அந்தத் திராட்சையில் இருந்து எடுக்கும் சிவப்பு மதுவுக்கு ஊரின் பெயரே நிலைத்து விட்டது. அரசர்களின் மது, மதுக்களின் அரசன் என்றெல்லாம் அதற்குப் பட்டப் பெயர்கள் உண்டு.

அந்த மதுவின் கதையைச் சொல்லப் புகுந்தால் ஒரு பெண்ணின் கதையைச் சொல்லாமல் முடியாது. பரோலோ ஊரின் கடைசிச் சீமாட்டி அவர். பெயர் ஜூலியா. மது ஜாடியைத் திறந்ததை விட அவர் திறந்த இன்னொரு கதவுதான் பெரிது. அது சிறைச்சாலைக் கதவு!

இத்தாலி என்றதும் எங்கோ கண் காணாத நாடு என்று எண்ண வேண்டாம். விருத்தாசலத்துக்கு அருகே கோனான்குப்பத்தில் பெரியநாயகி மாதா கோவில் இருக்கிறது அல்லவா? அதைக் கட்டிய வீரமாமுனிவர் இத்தாலிக்காரர்தான். 1680-ம் ஆண்டு அங்கே பிறந்தார். தமிழைக் கற்றுத் தமிழிலேயே காவியம் பாடினார். 1747-ம் ஆண்டு இந்த மண்ணிலேயே கண்ணை மூடினார். அவர் மறைந்து ஏறக்குறைய 40 ஆண்டுகளுக்குப் பிறகு நம் கதை தொடங்குகிறது.

தலை தப்பிய சிறுமி

ஜூலியா பிறந்தது இத்தாலியில் அல்ல. பிரான்சு நாட்டில். மோலெவ்ரியே என்ற ஊரில் உள்ள கோட்டை அவருடைய பிறந்த வீடு. பெற்றோர் வைத்த பெயர் ஜூலியெட் கோல்பேர். பதினான்காம் லூயி மன்னனுக்கு மந்திரியாக இருந்து பிரான்சின் கஜானாவை நிரப்பிய கோல்பேரின் பரம்பரை அது. பணத்துக்கும் பவிசுக்கும் குறைவே இல்லை.

1789-ம் ஆண்டு பிரெஞ்சுப் புரட்சி வெடித்தது. அப்போது ஜூலியா மூன்று நான்கு வயதுக் குழந்தை.

பசியால் வாடிய மக்கள் பொங்கி எழுந்தார்கள். மன்னன் தலை உருண்டது. மகாராணி தலை உருண்டது. பிரபுக்களைத் தேடித் தேடிப் பிடித்தார்கள். கில்லட்டின் என்ற தலை வெட்டும் எந்திரம் ஓய்வில்லாமல் வேலை செய்தது. ஜூலியாவின் பாட்டியும் வேறு சில உறவினர்களும் அந்த எந்திரத்துக்குப் பலியானார்கள். ஏழு வயதில் சிறுமி தாயையும் இழந்தாள். தகப்பனார் குழந்தைகளை அழைத்துக் கொண்டு ஜெர்மனிக்கும் ஹாலந்துக்கும் ஓடினார்.

நேற்று வரை கோட்டையில் வாழ்ந்த குடும்பம் இன்று ஊர் ஊராக அலைகிறது. அப்படி வளர்ந்த பெண் ஏழைகளை வெறுத்திருக்கலாம். தன் பாட்டியைக் கொன்ற கூட்டம் இதுதானே என்று மனம் கசந்திருக்கலாம். ஜூலியாவுக்கு அப்படி ஆகவில்லை. ஏன் ஆகவில்லை என்பதற்கு அவருடைய வாழ்க்கைதான் பதில்.

நெப்போலியன் ஆட்சிக்கு வந்ததும் நாடு விட்டு ஓடிய பிரபுக்கள் பலர் திரும்பி வந்தார்கள். ஜூலியாவின் குடும்பமும் வந்தது. பல மொழிகள் கற்ற அழகிய இளம்பெண்ணாக அவர் சக்கரவர்த்தியின் அரண்மனையில் வலம் வந்தார். அங்கேதான் ஓர் இளைஞரைச் சந்தித்தார். அவர் கார்லோ தான்கிரேதி பல்லெத்தி. பரோலோ ஊரின் பிரபு. பியட்மான்ட் என்ற அந்த இத்தாலியப் பகுதி அப்போது நெப்போலியன் கையில் இருந்தது. அதனால் அந்த நாட்டுப் பிரபுக்களும் பாரிசுக்கு வந்து போனார்கள்.

ஜூலியா கலகலப்பானவர், சட்டென்று கோபம் வரும், நினைத்ததை முடிப்பார். தான்கிரேதி அமைதியானவர், அதிகம் பேச மாட்டார். 1806-ம் ஆண்டு இருவருக்கும் பாரிசில் திருமணம் நடந்தது. நெருப்பும் நீரும் சேர்ந்தது போன்ற ஜோடி! ஆனால் 32 ஆண்டுகள் இணை பிரியாமல் வாழ்ந்தார்கள்.

அவர்களுக்குக் குழந்தை பிறக்கவில்லை. பரோலோ குடும்பமோ பியட்மான்ட்டில் பெரும் பணக்காரக் குடும்பங்களுள் ஒன்று. சொத்தைக் கட்டி ஆள வாரிசு இல்லை. நம் ஊரிலும் அந்த நாளில் இப்படி ஒரு பெரிய வீட்டில் குழந்தை இல்லை என்றால் என்ன நடந்திருக்கும்? மருமகளைத் தூற்றியிருப்பார்கள். மாப்பிள்ளைக்கு மறுபடியும் பெண் பார்த்திருப்பார்கள். தான்கிரேதி அப்படி எதுவும் செய்யவில்லை. ஏழைகளே நம் பிள்ளைகள் என்று கணவனும் மனைவியும் முடிவு செய்து கொண்டார்கள்.

நெப்போலியன் வீழ்ந்த 1814-ம் ஆண்டில் இருவரும் டூரின் நகரில் உள்ள மாளிகைக்கு நிரந்தரமாகக் குடி வந்தார்கள்.

தெருவில் கேட்ட குரல்

அதே 1814-ம் ஆண்டு. ஈஸ்டர் பண்டிகை முடிந்த சமயம்.

டூரின் தெருவில் ஜூலியா போய்க் கொண்டிருந்தார். சாகும் நிலையில் இருந்த ஒருவருக்குக் கொடுப்பதற்காகக் குருவானவர் நற்கருணையை ஏந்தி ஊர்வலமாக வந்தார். தெருவில் இருந்த எல்லாரும் மண்டியிட்டார்கள். ஜூலியாவும் மண்டியிட்டார். பக்கத்திலேயே சிறைச்சாலை. அதன் கம்பிகளுக்குப் பின்னால் இருந்து ஒரு கைதி கத்தினான். தனக்கு நற்கருணை வேண்டாமாம். குடிக்க ஒரு வாய் சூப்பு கிடைத்தால் போதுமாம்!

மற்றவர்கள் காதைப் பொத்திக் கொண்டிருப்பார்கள். தெய்வ நிந்தனை என்று சொல்லி நடையைக் கட்டியிருப்பார்கள். ஜூலியா எழுந்தார். நேராகச் சிறைச்சாலைக்குப் போனார். உள்ளே விடும்படி கேட்டார்.

பட்டாடை உடுத்திய சீமாட்டி சிறைக்கு வந்தால் காவலர்கள் என்ன செய்வார்கள்? திகைத்தார்கள். ஆனால் பரோலோ வீட்டுச் சீமாட்டியைத் தடுக்க யாருக்குத் துணிச்சல் வரும்?

உள்ளே அவர் கண்ட காட்சி அவரை உலுக்கி விட்டது. இருட்டு. துர்நாற்றம். தரையில் வைக்கோல். உடம்பை மூடவும் போதாத கந்தல். பெண் கைதிகள் இருந்த இடம் இன்னும் மோசம். பசியும் நோயும் அவர்களை மனிதர்கள் என்றே தெரியாதபடி ஆக்கியிருந்தன.

பணக்காரர்கள் சிறைக்குப் பழமும் ரொட்டியும் அனுப்புவது உண்டு. அனுப்பி விட்டு மறந்து விடுவார்கள். ஜூலியா திரும்பத் திரும்பப் போனார். காலையில் போனால் மூன்று நான்கு மணி நேரம் பெண் கைதிகளோடு இருப்பார். தம்மையும் அவர்களோடு உள்ளே வைத்துப் பூட்டி விடும்படி காவலர்களிடம் கேட்டுக் கொள்வார்.

முதலில் அந்தப் பெண்கள் அவரை நம்பவில்லை. வேடிக்கை பார்க்க வந்தவள் என்று நினைத்தார்கள். ஏளனம் செய்தார்கள். அவர் பொறுத்துக் கொண்டார். கோபக்காரியான ஜூலியா பொறுமையைக் கற்றுக் கொண்ட பள்ளிக்கூடம் அந்தச் சிறைதான் என்று சொல்லலாம்.

எழுத்துக் கூட்டிய கைதிகள்

பெண் கைதிகளுக்கு அவர் முதலில் சோறும் துணியும் தந்தார். பிறகு தந்ததுதான் முக்கியமானது. எழுத்து!

அந்தப் பெண்களில் பெரும்பாலோருக்குத் தங்கள் பெயரைக்கூட எழுதத் தெரியாது. எந்தக் குற்றத்துக்காகத் தங்களை அடைத்திருக்கிறார்கள் என்று எழுதிய தாளைப் படிக்கத் தெரியாது. வயது வந்த பிறகு எழுத்துக் கூட்டிப் படிப்பது எவ்வளவு சிரமம், முதல் வரியைத் தானாகப் படித்து முடித்ததும் எவ்வளவு பூரிப்பு என்பதை அனுபவப்பட்டவர்கள் அறிவார்கள். ஜூலியா அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தார். தையல் முதலிய வேலைகளும் கற்றுக் கொடுத்தார். வேலைக்குக் கூலியும் கிடைக்க வழி செய்தார்.

இதே காலத்தில் லண்டன் நகரில் எலிசபெத் ஃப்ரை என்ற அம்மையார் நியூகேட் சிறையில் பெண் கைதிகளுக்காகப் பாடுபட்டார். அவர் செய்ததை ஜூலியா அறிந்திருந்தார். இங்கிலாந்தில் முடிந்தது இத்தாலியில் ஏன் முடியாது என்று அதிகாரிகளைத் துளைத்து எடுத்தார்.

1821-ம் ஆண்டு அரசாங்கம் இறங்கி வந்தது. பல சிறைகளில் சிதறிக் கிடந்த பெண் கைதிகளை ஒரே இடத்துக்கு மாற்றினார்கள். அந்தச் சிறைக்கு மேற்பார்வையாளராக ஜூலியாவையே நியமித்தார்கள். ஒரு பெண்ணுக்கு அப்படி ஒரு பதவி என்பது அந்தக் காலத்தில் லேசான காரியம் அல்ல.

பதவி கிடைத்ததும் அவர் செய்த முதல் காரியங்களுள் ஒன்று விசித்திரமானது. சிறைக்கு ஒழுங்கு விதிகள் எழுதினார். எழுதி, உடனே சுவரில் ஒட்டி விடவில்லை. கைதிகளுக்குப் படித்துக் காட்டி, அவர்களுடைய சம்மதத்தைக் கேட்டார்! தாங்களே ஒப்புக் கொண்ட விதியை மீற அவர்களுக்கு மனம் வராது என்பது அவர் கணக்கு. சட்டசபைக்கு ஆண்களே ஓட்டுப் போட வழி இல்லாத நாடு அது. அந்த நாட்டில் சிறையில் கிடந்த பெண்களிடம் ஒரு சீமாட்டி சம்மதம் கேட்டார்.

தண்டனை முடிந்து வெளியே வரும் பெண்ணை யார் வீட்டில் சேர்ப்பார்கள்? பெற்றவர்களே கதவைச் சாத்துவார்கள். அப்படிப்பட்டவர்களுக்காக 1823-ம் ஆண்டு டூரினில் ஓர் அடைக்கல விடுதி தொடங்கினார். கணவர் தான்கிரேதியும் சும்மா இருக்கவில்லை. 1825-ம் ஆண்டு தங்கள் மாளிகையிலேயே அறைகளை ஒதுக்கி, வேலைக்குப் போகும் ஏழைத் தாய்மாரின் குழந்தைகளுக்குப் பாலர் பள்ளி திறந்தார்கள். இத்தாலியில் தோன்றிய முதல் பாலர் பள்ளிகளுள் அதுவும் ஒன்று. 1820-களில் தான்கிரேதி டூரின் நகர மேயராகவும் பணி செய்தார்.

1834-ம் ஆண்டு ஏழைப் பெண் குழந்தைகளுக்குக் கல்வி தருவதற்காகப் புனித அன்னாள் கன்னியர் சபையை இருவரும் தோற்றுவித்தார்கள். மறு ஆண்டு டூரினில் காலரா பரவியது. வசதி உள்ளவர்கள் ஊரை விட்டு ஓடினார்கள். இவர்கள் இருவரும் நோயாளிகளுக்கு உதவி செய்தார்கள்.

இவ்வளவுக்கும் பணம் எங்கே இருந்து வந்தது? பெரும் பகுதி நிலத்தில் இருந்து வந்தது. அந்த நிலத்தில் பரோலோ திராட்சைத் தோட்டங்களும் சேர்த்திதான்.

பொங்காத மாவும் புளிக்காத ரசமும்

இனி மதுவின் கதைக்கு வருவோம்.

பரோலோக் குன்றுகளில் விளையும் திராட்சைக்கு நெபியோலோ என்று பெயர். இத்தாலிய மொழியில் நெபியா என்றால் மூடுபனி. பனி இறங்கும் காலத்தில் பழுப்பதால் அந்தப் பெயர் வந்தது என்பார்கள். மற்ற திராட்சை எல்லாம் அறுவடை முடிந்து வீடு சேர்ந்த பிறகு, அக்டோபர் மாதத்தில்தான் நெபியோலோ பழுக்கும். அவசரமே படாத கொடி!

இந்தத் தாமதத்தால் ஒரு தொல்லை. திராட்சையைப் பிழிந்து தொட்டியில் ஊற்றினால் அதில் உள்ள இனிப்பு, நொதியின் வேலையால் மதுவாக மாற வேண்டும். அதற்குச் சூடு வேண்டும். நம் வீட்டுத் தாய்மாருக்கு இது நன்றாகத் தெரியும். மார்கழிக் குளிரில் இட்லி மாவு பொங்காமல் படுத்து விடும் அல்லவா? அதே கதைதான். நவம்பர்க் குளிர் வந்ததும் தொட்டியில் நொதிப்பது பாதியில் நின்று விடும். இனிப்புப் பாதி, மது பாதி என்று ஒரு கலவை கிடைக்கும். அடுத்த வேனிலில் வெயில் பட்டதும் அது மறுபடி நுரைக்கத் தொடங்கும். தூர தேசத்துக்கு அனுப்பினால் கெட்டுப் போகும். அதனால் பரோலோவின் பெயர் அதிகம் வெளியே தெரியவில்லை.

பிரான்சில் பிறந்தவர் ஜூலியா. நன்றாக நொதித்து, இனிப்பு முழுவதும் மாறி, ஆண்டுக் கணக்கில் கெடாமல் இருக்கும் பிரெஞ்சு மதுவை அவர் அறிவார். தம் தோட்டத்துத் திராட்சையிலும் அப்படிச் செய்ய விரும்பினார். தொட்டியைச் சுத்தமாக வைப்பது, குளிர் தாக்காத நிலவறையில் நொதிக்க விடுவது, பிறகு ஓக் மரப் பீப்பாயில் நெடு நாள் வைத்திருப்பது என்று முறைகள் மாறின.

இதைச் செய்து காட்டிய நிபுணர் யார் என்பதில் சண்டை இருக்கிறது. லூயி ஊடார் என்ற பிரெஞ்சுக்காரர்தான் என்று நெடுங்காலம் சொல்லி வந்தார்கள். பாவோலோ பிரான்செஸ்கோ ஸ்டாலியேனோ என்ற படை அதிகாரிக்கே பெரும் பங்கு உண்டு என்று பிற்கால ஆராய்ச்சியாளர்கள் சொல்கிறார்கள். பக்கத்து ஊரான கிரின்சானேயில் இன்னோர் இளைஞரும் தம் குடும்பத் தோட்டத்தைச் சீர்திருத்திக் கொண்டிருந்தார். 1832-ம் ஆண்டு முதல் அந்தக் கிராமத்துக்கு மேயர் அவர். பெயர் கவூர். மாஜினி, கரிபால்டி என்ற பெயர்களோடு சேர்த்து நாம் பாடப் புத்தகத்தில் படிக்கும் அதே கவூர்தான்! 1861-ம் ஆண்டு ஒன்றுபட்ட இத்தாலியின் முதல் பிரதம மந்திரியானார்.

ஒரு மனிதரால் மட்டும் பிறந்தது அல்ல பரோலோ மது. பல பேருடைய உழைப்பு அது. மேலும், கொடிக்குப் பாத்தி கட்டி, அறுத்து, கூடை சுமந்த குடியானவர்களின் பெயர் எந்தப் புத்தகத்திலும் இல்லை. எல்லாப் புகழையும் சீமாட்டிக்கே சூட்டி விடுவது நியாயம் ஆகாது. ஆனால் இந்த மதுவை அரண்மனை வரை கொண்டு போனவர் அவர் என்பதில் எல்லாரும் ஒத்துப் போகிறார்கள்.

325 பீப்பாய்கள்

அதைப் பற்றி ஒரு சுவையான கதை உண்டு.

சார்டினியா நாட்டு மன்னர் கார்லோ ஆல்பர்ட்டோ டூரினில் இருந்து ஆட்சி செய்தார். ஒரு நாள் அவர் ஜூலியாவிடம் குறைப்பட்டுக் கொண்டாராம். ஊரெல்லாம் புகழும் பரோலோ மதுவைத் தமக்கு மட்டும் ருசி காட்டவில்லையே என்று கேட்டாராம்.

சில நாட்கள் சென்றன. டூரின் தெருக்களில் வண்டிகள் வரத் தொடங்கின. ஒன்றன் பின் ஒன்றாக வந்து கொண்டே இருந்தன. ஒவ்வொரு வண்டியிலும் ஒரு பெரிய மரப் பீப்பாய். மொத்தம் 325 பீப்பாய்கள்! எல்லாம் அரண்மனைக்கு!

அது என்ன 325? ஆண்டுக்கு 365 நாள். நாளுக்கு ஒரு பீப்பாய் கணக்கு. ஈஸ்டருக்கு முன்னால் வரும் 40 நாள் தவக் காலத்தை மட்டும் கழித்து விட்டார். மன்னரே ஆனாலும் விரத நாளில் குடிக்கக் கூடாது என்று சொல்லாமல் சொல்லி விட்டார் சீமாட்டி.

வழிவழியாக வரும் கதை இது. ஒன்றிரண்டு பீப்பாய் கூடக் குறைய இருக்கலாம். மன்னர் பின்னால் வெர்டூனோ என்ற ஊரில் கோட்டையும் தோட்டமும் வாங்கித் தாமே மது தயாரிக்கச் செய்தார் என்பது சரித்திரம்.

அந்த மதுவின் நிறம் கருஞ்சிவப்பு அல்ல. மாணிக்கச் சிவப்பு. வயதாக ஆகச் செங்கல் நிறத்துக்கு மாறும். ரோஜாப் பூவும் தாரும் கலந்த வாசனை என்று வருணிக்கிறார்கள். புதிதாக இருக்கும்போது கடுக்காய் போலத் துவர்க்கும். மாவடு ஜாடியில் ஊறி ஊறிப் பதம் ஆவது போல, பீப்பாயிலும் சீசாவிலும் ஆண்டுக் கணக்கில் கிடந்துதான் அந்தத் துவர்ப்பு அடங்கும். இன்றைய சட்டப்படி அறுவடை முடிந்து 38 மாதம் ஆகாமல் விற்பனைக்கு விடக் கூடாது. அதில் 18 மாதம் மரப் பீப்பாயில் இருந்தாக வேண்டும். நெபியோலோ தவிர வேறு திராட்சை கலக்கக் கூடாது. 11 ஊர்களில் விளைந்தது மட்டுமே பரோலோ. அந்த 11 ஊர்களுக்குள்ளும் மேற்கே உள்ள சாம்பல் களிமண்ணில் விளைந்தது சீக்கிரம் பதமாகும். கிழக்கே உள்ள மண்ணில் விளைந்தது நாள் பிடிக்கும். மண்ணுக்கு மண் குணம் வேறு என்பதை விருத்தாசலத்துச் சூளைக்காரருக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை.

மது என்றாலே வயிறு எரிகிற தாய்மார்கள் இந்தப் பக்கத்தைப் படித்து முகம் சுளிக்கலாம். நியாயம்தான். 2024-ம் ஆண்டு ஜூன் மாதம் விருத்தாசலத்துக்குப் பக்கத்து மாவட்டமான கள்ளக்குறிச்சியில் நச்சுச் சாராயம் குடித்து 60 பேருக்கு மேல் மாண்டதை யார் மறக்க முடியும்? மெத்தனால் என்ற விஷம் செய்த வேலை அது. இத்தாலியிலும் இது நடந்தது. 1986-ம் ஆண்டு அதே பியட்மான்ட் பகுதியில் இருந்து வந்த மலிவு மதுவில் பேராசைக்காரர்கள் மெத்தனால் கலந்தார்கள். இருபது பேருக்கு மேல் செத்தார்கள். பலர் கண் பார்வை இழந்தார்கள். ஏழை குடிப்பதில்தான் விஷம் கலக்கிறது. அங்கேயும் அப்படித்தான், இங்கேயும் அப்படித்தான். உணவோடு ஒரு கிண்ணம் குடிப்பது அந்த நாட்டு வழக்கமாக இருக்கலாம். அதைக் காட்டி இங்கே யாரும் சமாதானம் சொல்ல வேண்டாம். ஜூலியாவின் வரலாற்றில் நம் கண்ணுக்குப் படுவது, தோட்டத்து வருமானம் போய்ச் சேர்ந்த இடம்.

விதவையும் விடுதலைக் கைதியும்

1838-ம் ஆண்டு பயணம் சென்ற இடத்தில் தான்கிரேதி நோயுற்று இறந்தார். ஐம்பது வயதைத் தாண்டிய ஜூலியா தனி மரம் ஆனார். சொத்து முழுவதும் அவர் கைக்கு வந்தது. நிர்வாகம், கணக்கு, தோட்டம், விடுதிகள் எல்லாம் அவர் தலையில்.

அவருக்குத் துணையாக இருந்தவர் ஒரு பழைய கைதி!

அவர் பெயர் சில்வியோ பெல்லிக்கோ. கவிஞர். இத்தாலியை அடக்கி ஆண்ட ஆஸ்திரியாவை எதிர்த்ததற்காக 1820-ம் ஆண்டு பிடிபட்டார். மரண தண்டனை விதித்துப் பிறகு கடுங்காவலாகக் குறைத்தார்கள். பத்து ஆண்டுகள் சிறையில் வாடினார். விடுதலையாகி வந்து, தம் சிறை வாழ்க்கையை 1832-ம் ஆண்டு புத்தகமாக எழுதினார். அதில் வசை இல்லை, ஆவேசம் இல்லை. பட்டதை அமைதியாகச் சொன்னார். ஒரு போரில் தோற்றதை விட அந்தப் புத்தகத்தால் ஆஸ்திரியாவுக்கு நஷ்டம் அதிகம் என்று பேசிக் கொண்டார்கள்.

உடல் நலிந்த அந்தக் கவிஞரைப் பரோலோத் தம்பதிகள் தங்கள் மாளிகையில் வைத்துக் கொண்டார்கள். அவர் ஜூலியாவின் செயலாளராகவும் நூலகப் பொறுப்பாளராகவும் இருந்தார். 1854-ம் ஆண்டு அந்த மாளிகையிலேயே உயிர் நீத்தார். சிறைக் கதவைத் திறந்த பெண்ணும், சிறையில் இருந்து மீண்ட மனிதரும் ஒரே கூரையின் கீழ் இருந்து கணக்கு எழுதினார்கள். கதைக்காரன் கட்டிய கதை போல இருக்கிறது, ஆனால் உண்மை.

ஜூலியா குறையே இல்லாதவர் என்று சொல்ல மாட்டோம். பிடிவாதம் அதிகம். தம் விடுதிகளில் கட்டுப்பாடு கடுமை. தாம் வைத்ததே சட்டம். அதற்கு ஓர் உதாரணம்:

1844-ம் ஆண்டு டோன் பாஸ்கோ என்ற இளம் குருவானவர் அவருடைய நிலையத்தில் ஆன்மிகப் பணிக்குச் சேர்ந்தார். நோயுற்ற ஏழைச் சிறுமிகளுக்காக ஜூலியா அங்கே ஓர் ஆஸ்பத்திரி கட்டிக் கொண்டிருந்தார். டோன் பாஸ்கோவோ தெருவில் திரியும் பையன்களை நூற்றுக் கணக்கில் கூட்டிக் கொண்டு வந்து விட்டார். ஒரே கூச்சல்! ஒரே ஓட்டம்! ஜூலியாவுக்குப் பொறுக்கவில்லை. பையன்களை விட்டு விட்டுச் சிறுமிகளைக் கவனிக்க வேண்டும், இல்லையேல் வேலையை விட வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லி விட்டார். பணக்காரர்கள் பையன்களுக்கு வேறு ஆளைத் தேட மாட்டார்கள், சிறுமிகளுக்குத் தேடி விடுவார்கள் என்று எண்ணிய டோன் பாஸ்கோ வேலையை விட்டார்.

மனம் கசந்து பிரிந்தார்களா? இல்லை. வெளியே போன டோன் பாஸ்கோவுக்கு ஜூலியா பெயரைச் சொல்லாமல் பண உதவி அனுப்பிக் கொண்டே இருந்தார். அந்தப் பையன்களை வைத்து வளர்ந்ததுதான் சலேசிய சபை. 1906-ம் ஆண்டு அந்தச் சபையார் தஞ்சாவூருக்கு வந்தார்கள். இன்று தமிழ்நாட்டில் டோன் பாஸ்கோ பள்ளியை அறியாதவர் யார்?

ஜூலியாவின் கன்னியர் சபையும் நம் நாட்டுக்கு வந்தது. 1871-ம் ஆண்டு செகந்திராபாத்தில் அவர்கள் தொடங்கிய பெண்கள் பள்ளி இன்றும் நடக்கிறது.

கடைசி நாட்கள்

முதுமையில் அவர் மனம் வான்கில்யா என்ற பகுதியை நோக்கிச் சென்றது. டூரினில் ஏழைகள் நெருக்கமாக வாழ்ந்த இடம் அது. அங்கே ஒரு கோவில் இல்லை. தம் செலவில் கட்டித் தர ஏற்பாடு செய்தார். கட்டடம் எழும்பிக் கொண்டிருந்தபோது, 1864-ம் ஆண்டு ஜனவரி 19-ம் தேதி ஜூலியா காலமானார்.

பல்லெத்தி வம்சம் அவரோடு முடிந்தது. கோட்டை, மாளிகை, தோட்டம், திராட்சை நிலவறை எல்லாவற்றையும் அவர் உறவினர்களுக்கு எழுதி வைக்கவில்லை. தரும காரியங்களை நடத்துவதற்கு ஓர் அறக்கட்டளை ஏற்படுத்தி அதன் பெயருக்கு எழுதி வைத்தார். ஓபெரா பரோலோ என்ற அந்த அறக்கட்டளை டூரினில் இன்றும் இயங்குகிறது. பரோலோ கிராமத்துக் கோட்டை நெடுங்காலம் ஏழை மாணவர்கள் தங்கிப் படிக்கும் இடமாக இருந்தது. மதுத் தொழிற்சாலையை 1929-ம் ஆண்டு அந்த ஊர் அபோனா குடும்பத்தார் வாங்கினார்கள்.

பரோலோ மதுவுக்கு 1966-ம் ஆண்டிலும், மேலும் கடுமையான விதிகளோடு 1980-ம் ஆண்டிலும் இத்தாலிய அரசாங்கம் பாதுகாப்புத் தந்தது. நம் கம்பம் பன்னீர்த் திராட்சைக்கு 2023-ம் ஆண்டு புவிசார் குறியீடு கிடைத்ததே, அது போன்றதுதான். 2014-ம் ஆண்டு அந்தத் திராட்சைக் குன்றுகள் உலகப் பாரம்பரியச் சின்னம் ஆயின. மறு ஆண்டு கத்தோலிக்கத் திருச்சபை ஜூலியாவுக்கு வணக்கத்துக்குரியவர் என்ற நிலையை அளித்தது. 2018-ம் ஆண்டு கணவர் தான்கிரேதிக்கும் அதே நிலை கிடைத்தது.

கோட்டையில் 2010-ம் ஆண்டு முதல் மது அருங்காட்சியகம் நடக்கிறது. பெல்லிக்கோ அடுக்கி வைத்த நூலகமும் அதே கோட்டையில்தான் இருக்கிறது. ஜூலியாவின் உடல் அங்கே இல்லை. வான்கில்யாவில் அவர் பணத்தில் எழும்பிய கோவிலில், அந்த ஏழைத் தெருக்களின் நடுவில் இருக்கிறது.